தலைமயிரில் உரசிய நாலு ஸ்குரூ

எங்கட சங்கத்து ஆண்டு மலருக்குக் கட்டுரை வேணுமாம். செயலாளர் குகன் போன கிழமை ரெலிபோன் எடுத்தவர். "அங்கிள், சிட்னியில துவக்குத் திருத்தின தமிழர் நீங்கள் ஒராள்தான். உங்கட சாதனைகளை ஒருக்கா எழுதித் தாங்கோ" எண்டார். கண்டறியாத சாதனை. எனக்கு எண்பது தாண்டியிட்டுது, முழங்கால் ரெண்டும் சரியில்லை, என்னை விடும் எண்டு சொன்னன். விடேல்லை.

போனை வைக்கப்போற நேரம் இன்னொண்டு கேட்டார். குகன் கணக்காளர், ஐம்பது வயதிருக்கும். லீவு நாளில ஆரோ சினேகிதன்ர பண்ணையில காட்டுப்பண்டி சுடப் போறவர். "அங்கிள், துவக்குக்குப் புது ஸ்கோப் வாங்கினனான். அதின்ர மவுண்ட் ஸ்குரூவுக்கு நீலம் பூசிறதோ சிவப்புப் பூசிறதோ? இன்ரநெற்றில ஆளுக்கொண்டு சொல்லுறாங்கள்."

யோசிச்சுச் சொல்லுறன் எண்டு போனை வைச்சிட்டன். யோசிக்க என்ன கிடக்கு? அரை நிமிசத்தில சொல்லக்கூடிய பதில். ஆனால் அந்தக் கேள்வியை ஒருத்தர் என்னட்டக் கேட்டு முப்பது வருசத்துக்கு மேல.  கதிரையில போய் இருந்து தண்ணி குடிச்சன்.

தெரியாத ஆக்களுக்கு ரெண்டு வரி. துவக்குக்கு மேல குறி பார்க்க வைக்கிற கண்ணாடிக் குழாய்தான் ஸ்கோப், அதைத் தாங்கிற இரும்புக் காலுக்கு மவுண்ட் எண்டு பேர். எங்கட கடைக்கு வந்த துவக்குகளில அது நாலு சின்ன ஸ்குரூவில நிக்கும். ஒவ்வொண்டும் ஒரு அரிசி நீளம்தான். துவக்கு ஒவ்வொருக்கா வெடிக்கேக்கையும் அந்த நாலும் உதை வாங்கும், உதை வாங்க வாங்கத் தளரும். தளராம இருக்க ஸ்குரூவின்ர புரியில ஒரு துளி பசை விடுவம். இப்ப அதைத் திரெட்லொக்கர் எண்டுகினம். நாங்கள் நிறத்தைத்தான் சொல்லுறது. நீலம் எண்டால் பேந்து ஸ்குரூ டிரைவரால கழட்டலாம். சிவப்பெண்டால் சூடு காட்டாமல் கழட்ட ஏலாது.

நான் தொழில் பழகினது கொழும்புப் பக்கத்து ரெயில்வே வேர்க்ஷொப்பில. அஞ்சு வருசம் அரத்தோட மல்லுக்கட்டினன், பிறகு ஏழு வருசம் ரெயில் பெட்டிகளுக்குப் பலகையும் பூட்டும் போட்டன். அங்க எங்கள் எல்லாருக்கும் ஒரு பழக்கம். ஸ்குரூவைப் பூட்ட முதல் காதுக்குப் பின்னால தலைமயிரில ரெண்டு இழுவை இழுக்கிறது. தலையில எப்பவும் எண்ணெய் இருக்கும்தானே? ஸ்குரூ வழுக்கிக்கொண்டு உள்ள போகும். ஒருத்தரும் சொல்லித் தாறேல்லை, பக்கத்திலை நிக்கிறவன் செய்வான், நாங்களும் செய்வம். வருசக்கணக்காச் செய்து செய்து, அது நான் செய்யிறன் எண்டே எனக்குத் தெரியாமல் போச்சு.

எழுபதுகளின்ர நடுவில, வெள்ளையர் அல்லாத ஆக்களுக்கும் இந்த நாடு கதவைத் திறந்த கையோட, சிட்னிக்கு வந்தனான். பெண்சாதி பவளமும், மூண்டு வயது மகள் சுமதியும் யாழ்ப்பாணத்தில. எனக்கு நிரந்தர வேலை இருக்கு, நல்ல பிள்ளை எண்டு முதலாளி பக்கத்தால ஒரு கடிதம் குடுத்தால்தான் அவையின்ர பேப்பர் அசையும் எண்டு குடிவரவுக் கந்தோரில சொல்லிப்போட்டினம். அந்தக் கடிதம்தான் எனக்கு அப்ப உலகம். மறக்காதேங்கோ, இந்தக் கதை முழுக்க அந்தக் கடிதத்திலதான் தொங்குது.

வேலை கிடைச்சது சிட்னி மாரிக்வில்லில ஒரு துவக்குக் கடையில. முன்னுக்கு விக்கிறது, பின்னுக்கு வேர்க்ஷொப். பின்பக்கம் மிஸ்டர் வின்ஸ்லோவின்ர ராச்சியம். இங்கிலாந்துக்காரர், எனக்குக் கடிதம் எழுதித் தர வேண்டியவரும் அவர்தான். வெள்ளைக் கோட், பொக்கற்றில மூண்டு பென்சில், தலையில ஒரு மயிர் கிடையாது. கோபம் வந்தால் மற்றவை கத்துவினம், அவர் குரலை இறக்குவார். எவ்வளவு மெல்லமாக் கதைக்கிறாரோ அவ்வளவு பிழை செய்திருக்கிறம் எண்டு அர்த்தம். சிவநாதன் எண்ட பேரை முதல் நாளே 'நாதன்' எண்டு வெட்டிப்போட்டார். 

ஸ்கோப் பூட்டிறதுக்கு அவர் வைச்ச சட்டம் இருக்கே, கோயில் பூசைக்கும் அப்பிடி இராது. முதலில ஸ்குரூவை ஒரு கண்ணாடிச் சாடிக்குள்ள கழுவு திரவத்தில போட்டுக் குலுக்க வேணும். ஊத்திப்போட்டுத் திருப்பியும் குலுக்க வேணும். எடுத்துச் சிகரெட் சுத்திற மெல்லிய பேப்பரில வைப்பார். கொஞ்ச நேரத்தால ஸ்குரூவைத் தூக்கிப்போட்டு பேப்பரை லைற்றுக்கு நேர பிடிப்பார். பேப்பரில கண்ணாடி மாதிரி ஒரு புள்ளி தெரிஞ்சால் எண்ணெய் கிடக்கு, திரும்பக் கழுவு. புள்ளி இல்லாட்டி தலையை ஆட்டுவார். அதுக்குப் பிறகு கையால தொடக்கூடாது, சாவணத்தாலதான் எடுக்கிறது. ஒரு துளி நீலம். இறுக்கு. தலையில வெள்ளைப் பெயின்ற் கோடு. ஒரு நாள் முழுக்க அசைக்காமல் வை.

வந்த புதிசில, சிவப்புக் கூடப் பலம்தானே, ஏன் அதைப் போடக்கூடாது எண்டு நான் கேட்டன். "இதை ஒரு நாள் திருப்பிக் கழட்ட வேண்டி வருமோ எண்டு முதல் யோசி, நாதன். வரும் எண்டால் சிவப்புப் போடாத" எண்டார். மனுசன் தொழிலில புலி, அதை நான் ஒளிக்க மாட்டன்.

கழுவிறது லஸ்லோவின்ர வேலை. ஹங்கேரிக்காரன், என்னைவிடப் பத்து வயது மூப்பு. தன்ர ஊருக்குள்ள ரஷ்ய டாங்கி வந்தாப் பிறகு எல்லை தாண்டி ஓடி வந்தவன். அந்தக் கழுவு திரவத்தின்ர மணம் தலையிடி தரும், அவனுக்குப் பின்னேரத்தில சாப்பிட்டது சத்தியா வெளிய வரும். காத்து வெளிய இழுக்கிற ஃபான் ஒண்டு போட்டுத் தா எண்டு வின்ஸ்லோவோட ஆறு மாசமாச் சண்டை. யூனியனுக்குப் போவன் எண்டும் சொல்லிப்போட்டான். அந்த நாளில இருந்து வின்ஸ்லோ அவனோட மெல்லமாத்தான் கதைக்கிறவர்.

என்னோட அவன் நல்ல வாரப்பாடு. நான் வேற வேலைகளுக்கு ஸ்குரூவைத் தலையில இழுக்கிறதைப் பார்த்துவிட்டுச் சிரிப்பான். "நாதன், உன்ர தலை என்ன குசினியோ? சமைக்கிற மணம் வருது" எண்டு பகிடி பண்ணுவான். மத்தியானச் சாப்பாட்டுக்கு இருக்கேக்க பவளத்தின்ர படத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பான். "கடிதம் தந்தவரோ?" எண்டு ஒவ்வொரு கிழமையும் கேட்ட ஆள் அந்த ஊரில அவன் ஒருத்தன்தான்.

ஒரு குளிர்காலம், கீத் எண்டு ஒருத்தர் வந்தார். மேற்கு உள்நாட்டில கங்காரு சுட்டு இறைச்சிக்கு விக்கிறது அவற்ற தொழில். பொழுதுபோக்கு இல்லை, பிழைப்பு. பழைய ஸ்கோப்பை மாத்தி புதிசு போட வேணும், அடுத்த நாள் பின்னேரம் ஊருக்கு வெளிக்கிட வேணும். லஸ்லோ நாலு ஸ்குரூவையும் கழுவினான். வின்ஸ்லோ பேப்பரில வைச்சு லைற்றுக்குப் பிடிச்சுப் பார்த்துத் தலையாட்டினார். வேலை அட்டையில 'கழுவியது' எண்ட இடத்தில லஸ்லோ தன்ர பேரின்ர முதல் எழுத்தைப் போட்டான். 'பூட்டியது' எண்ட இடத்தில நான் போட வேணும்.

அண்டு காலமைதான் பவளத்தின்ர கடிதம் வந்தது. சுமதி தெருவில போற ஆரையும் பார்த்து அப்பாவோ எண்டு கேக்கிறாளாம். அதைப் பொக்கற்றில வைச்சுக்கொண்டு வேலை செய்யிறன். முதல் ஸ்குரூ பாதி போய் இறுகிச்சு. பழைய துவக்கு, புரி கொஞ்சம் அடிபட்டது. வெளிய எடுத்தன். கை தன்ர பாட்டில காதுக்குப் பின்னால போச்சு. ரெண்டு இழுவை. ஒரு துளி நீலம். வெண்ணெய் மாதிரி உள்ள போச்சு. கைக்கு ருசி பிடிச்சிட்டுது போல, மற்ற மூண்டையும் அப்பிடியே இழுத்துப் பூட்டினன். வெள்ளைக் கோடு போட்டன். அட்டையில எழுத்துப் போட்டன். சத்தியமாச் சொல்லுறன், அந்த நேரம் நான் ஒரு பிழை செய்தனான் எண்டு எனக்குத் தெரியாது.

மூண்டு கிழமையால கீத்தின்ர தம்பி துவக்கைச் சாக்குக்குள்ள சுத்திக்கொண்டு வந்தார். மவுண்ட் கழண்டு, வெடிச்ச உதையில ஸ்கோப் பின்னுக்கு வந்து கீத்தின்ர வலக்கண்ணில அடிச்சிட்டுது. கண்ணாடி விளிம்பில ரத்தம் காய்ஞ்சு கறுப்பாக் கிடந்தது. கண் தப்பாது எண்டு டொக்டர்மார் சொல்லிப்போட்டினமாம். சுடுறவனுக்கு வலக்கண் போனால் என்ன மிச்சம்?

வின்ஸ்லோ எங்கள் ரெண்டு பேரையும் மேசைக்குக் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை, வேலை முடிய ஒரு மணித்தியாலம் கிடக்கு. மவுண்டில மிச்சமா நிண்ட ரெண்டு ஸ்குரூவையும் விரலாலயே திருப்பி எடுத்தார். நீலம் இறுகேல்லை. ஈரமாக் கிடந்தது. பூதக்கண்ணாடியால பார்த்தார். பிறகு மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்தார். ஒருக்கா மணந்துபோட்டு, திருப்பியும் மணந்தார்.

"எண்ணெய்" எண்டார், சரியான மெல்லமா. "ஆர் கழுவினது?"

 என்ர கையை நானே பார்த்தன். அப்பதான் விளங்கிச்சு. ஐயோ, நாலையும் எல்லோ தலையில இழுத்தனான்!

லஸ்லோ சொன்னான்: "நான் கழுவினனான். சுத்தமாக் கழுவினனான். நீங்களே பேப்பரில வைச்சுப் பார்த்தனீங்கள்."

"எனக்கு அப்பிடி ஞாபகம் இல்லை" எண்டார் வின்ஸ்லோ.

லஸ்லோ என்ர பக்கம் திரும்பினான். முகத்தைப் பார்க்கேல்லை. என்ர தலையைப் பார்த்தான், காதுக்குப் பின்னால. பார்த்துப்போட்டு வாயைத் திறக்கேல்லை. வின்ஸ்லோ அவனைக் கணக்கு முடிச்சுக்கொண்டு போகச் சொன்னார். வாசலுக்குப் பக்கத்தில மாட்டியிருந்த தன்ர கறுப்புக் கோட்டை எடுத்துப் போட்டான். பொத்தானைப் பூட்டினான். போனான். நான் என்ர மேசையடியில அரத்தைத் துடைச்சுக்கொண்டு நிண்டனான்.  மனதில ஓடினது கடிதம், கடிதம், கடிதம் மட்டும்தான்.

சனிக்கிழமை அறையில இருக்க ஏலேல்லை. ஒருவேளை நீலப் போத்தில் பழுதோ, குளிருக்கு இறுகேல்லையோ எண்டு மனம் ஆயிரம் சாட்டுத் தேடிச்சு. என்ர கருவிப்பெட்டியில முடியப்போற நீலம் ஒண்டு கிடந்தது. ஒரு இரும்புக் கட்டையில ரெண்டு ஓட்டை போட்டுப் புரி வெட்டினன். ஒரு ஸ்குரூவைக் கழுவி, நீலம் விட்டுப் பூட்டினன். மற்றதைக் கழுவி, தலையில ரெண்டு இழுவை இழுத்து, நீலம் விட்டுப் பூட்டினன். ஞாயிறு மத்தியானம் கழட்டிப் பார்த்தன். முதலாவதுக்கு ஸ்குரூ டிரைவரில முழுப் பலத்தையும் போட வேண்டி வந்தது. மற்றது விரலுக்கே வந்திட்டுது. அதுக்குப் பிறகு எனக்குச் சாட்டு ஒண்டும் இல்லை.

திங்கள் அந்தக் கட்டையைக் காற்சட்டைப் பொக்கற்றில போட்டுக்கொண்டுதான் போனனான். சொல்லத்தான் போனனான். இதையாவது நம்புங்கோ. இங்கிலீசில என்னென்ன சொல்லுறது எண்டு ரெயிலில பாடமாக்கிக்கொண்டு போனனான்.

"மிஸ்டர் வின்ஸ்லோ, கீத்தின்ர துவக்கு விசயமா…" எண்டு தொடங்கினன்.

"அது முடிஞ்ச விசயம், நாதன்." மேசை லாச்சியைத் திறந்து ஒரு கடித உறையை எடுத்து வைச்சார். "குடிவரவுக் கந்தோருக்கு நீ கேட்ட கடிதம். நல்லா எழுதியிருக்கிறன்." அதுக்கு மேல ஒரு சாம்பல் துணித் தொப்பியை வைச்சார். "இனி வேர்க்ஷொப்பில எல்லாரும் தொப்பி போட வேணும்."

எல்லாரும் எண்டால் ஆர்? அங்க மிச்சம் இருந்தது அவரும் நானும். அவருக்குத் தலையில மயிரே இல்லை.

மனுசனுக்கு எல்லாம் தெரியும். வெள்ளிக்கிழமை ஸ்குரூவை மணந்த உடனேயே தெரியும். ஃபான் கேட்டுக் கரைச்சல் தந்தவனை அனுப்ப ஒரு சாட்டு வேணும், கைகட்டி நிக்கிற ஒருத்தன் மிச்சம் வேணும். நான் என்னைக் காப்பாத்திக்கொண்டன் எண்டு நினைச்சனான். இல்லை, அவர் என்னை வாங்கினவர். நான் கடிதத்தை எடுத்துப் பொக்கற்றில வைச்சன். கட்டை கிடந்த அதே பொக்கற். தொப்பியைப் போட்டன். போய் வேலையைத் தொடங்கினன். கடிதத்தை மத்தியானம் திறந்து பார்த்தன், 'கவனமானவர், நேர்மையானவர்' எண்டு ரைப் அடிச்சுக் கிடந்தது.

கொஞ்ச மாசத்தால கீத் வந்தார், கண்ணில கறுப்புத் துணி கட்டிக்கொண்டு. துவக்கை வித்துப்போட்டுப் போக வந்தவர். அப்ப இஞ்சத்தை ஆக்கள் ஐரோப்பாவில இருந்து வந்த ஏழைச் சனத்தை 'வோக்' எண்டுதான் இழிச்சுச் சொல்லுறது. "அந்த வோக் செய்த வேலை. உன்னில பிழையில்லை, மேற்" எண்டு சினேகிதனைக் கூப்பிடுற மாதிரிச் சொல்லி, என்ர கையைப் பிடிச்சுக் குலுக்கினார். அவற்ற கையை நானும் குலுக்கினன். என்னைக் கொண்டுபோய் எங்க வைக்கிறது, சொல்லுங்கோ!

அடுத்த வருசம் பவளமும் சுமதியும் வந்து இறங்கினவை. சூட்கேசுக்குள்ள உடுப்புக்கு நடுவில ரெண்டு போத்தில் நல்லெண்ணெய், கசியாமல் துணி சுத்தி. அந்தச் சனிக்கிழமையே சின்னச் சட்டியில மிளகும் சீரகமும் போட்டுச் சூடாக்கிக்கொண்டு வந்தாள். "இஞ்சாருங்கோ, இருங்கோ. தலை காய்ஞ்சு தும்பு மாதிரிக் கிடக்கு. ஆர் உங்களைப் பார்த்தது இவ்வளவு காலமும்?"

அவள் கை தலையில படமுதல் தட்டிவிட்டன். சட்டி விழுந்து குசினி முழுக்க எண்ணெய். குழந்தை பயந்து அழுதுது. பவளம் அழேல்லை, நிலத்தில இருந்து பழைய சீலைத் துணியால துடைச்சுக்கொண்டு, "என்ன பிழை செய்தனான்?" எண்டு கேட்டாள். எண்ணெய் வைச்சால் எனக்கு இஞ்சத்தைக் குளிருக்குப் பீனிசம் வருது எண்டு சொன்னன். நாப்பத்தைஞ்சு வருசம் அதை நம்பினவள். ஆரும் வீட்டுக்கு வந்தால், "இவருக்கு எண்ணெய் ஒத்துக்கொள்ளாது" எண்டு சொல்லுவாள். போன வருசம் அவள் செத்த பிறகும் அந்தப் பொய்யைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறன்.

லஸ்லோவைத் தேடினனான் எண்டு எழுத ஆசையாக் கிடக்கு. தேடேல்லை. ஒருக்கா ரெட்ஃபேர்ன் ஸ்ரேசனில எதிர்ப் பிளாற்ஃபோமில கண்டனான். சாப்பாட்டுப் பை ஒண்டோட நிண்டவன், கொஞ்சம் கூனியிருந்தான். நான் ஒரு தூணுக்குப் பின்னால போய் நிண்டன். அவன்ர ரெயில் போனாப் பிறகுதான் வெளிய வந்தன். இப்ப இருந்தால் தொண்ணூறு தாண்டியிருப்பான். இல்லை எண்டுதான் நினைக்கிறன்.

வின்ஸ்லோவுக்குக் கீழ இன்னும் பதினொரு வருசம் வேலை செய்தனான். எத்தினையோ துவக்குக்கு ஸ்கோப் பூட்டினனான், ஒண்டும் திரும்பி வரேல்லை. சங்கத்துக்குத் தேவையெண்டால் இதைச் சாதனை எண்டு போட்டுக்கொள்ளுங்கோ.

குகன், உம்மட கேள்விக்குப் பதில். நீலம். ஒரு துளி காணும். முதலில ஸ்குரூவையும் ஓட்டையையும் நல்லாக் கழுவும், கழுவினாப் பிறகு கையால தொடாதையும், ஒரு நாள் முழுக்க விட்டுப்போட்டுச் சுடப் போம். இதைக் கட்டுரையில இருந்து வெட்டிப்போட்டாலும் பரவாயில்லை. வெட்டக் கூடாதது அடுத்த பந்தி.

லஸ்லோ கழுவின நாலு ஸ்குரூவும் சுத்தமா இருந்தது. அதை என்ர தலையில இழுத்து எண்ணெயாக்கினது நான். கீத்தின்ர கண் போனது என்னால. இவ்வளவுதான் விசயம். அண்டைக்கு இருந்த இங்கிலீசிலயே இதைச் சொல்லியிருப்பன், கஷ்டமான சொல்லு ஒண்டும் இல்லை. சொல்ல நேரம் காணாமல் போச்சுது எண்டும் சொல்ல ஏலாது. அந்த வெள்ளிக்கிழமை வாசலில என்னைப் பார்த்துக்கொண்டு நிண்டு, அவன் கோட்டை அவசரப்படாமல் ஆறுதலாத்தான் பூட்டினவன். அதில அஞ்சு பொத்தான் இருந்தது.